செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிக் காட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வழிகாட்டி அண்ணன்மாருக்கும், வெளியாட்களுக்கு வீட்டைத் திறந்து வைத்திருக்கும் ஆச்சிமாருக்கும், ஐயாமாருக்கும்,

வணக்கம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர்ப் பக்கம் வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்கும்போது நீங்கள் சொல்வதைக் கூட்டத்தோடு நின்று நானும் கேட்டிருக்கிறேன். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, பர்மாத் தேக்குத் தூண், இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, அப்புறம் எந்தப் பட்டாலையில் எந்தப் படம் எடுத்தார்கள் என்பது. யாராவது ஒரு பையன் பேய் உண்டா என்று கேட்டுவிட்டால், பூட்டிக் கிடக்கும் அறையைக் காட்டி அவனுக்கென்று ஒரு கதை. எல்லோரும் சந்தோஷமாகத்தான் போகிறார்கள், எனக்குத்தான் வயிறு எரிகிறது. அந்த வீட்டுக்காரர்களுக்கு நிஜமாகவே நடந்தது எந்தப் பேய்க்கதையையும்விட விநோதமானது. கேட்டால் சிரிப்பு வரும், சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சை அடைக்கும். அதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

மலேயாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடன் கொடுத்து வட்டித் தொழில் செய்ய, போன செட்டியார்கள் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரர்கள் கைக்குப் போனது. அவர்கள் தங்கள் பேரில் டாலர் நோட்டு அடித்து விட்டார்கள். பத்து டாலர் நோட்டில் வாழை மரமும் தாரும் இருந்ததால் சனங்கள் அதற்கு வாழைப்பழப் பணம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ‘கேட்டவுடன் கொடுப்பதாக ஜப்பானிய அரசு உறுதி கூறுகிறது’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். மலேயாவுக்கு அடையாளமாக ‘எம்’ என்ற எழுத்து மட்டும் இருக்கும், பிற்பாடு அடித்த நோட்டுகளில் வரிசை எண்கூடக் கிடையாது. அச்சடிக்க அச்சடிக்க மதிப்பு அதலபாதாளத்துக்குப் போனது. கடன் கொடுத்தவர் தேடி அலைவார், வாங்கியவர் ஒளிவார் என்பதுதானே உலக வழக்கம்? அங்கே தலைகீழ். போருக்கு முன்னால் நல்ல பணத்தில் கடன் வாங்கியவர்கள் தாங்களாகவே நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கணக்கை முடித்துப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நின்றார்கள். வாங்க மாட்டேன் என்று சொல்லவும் முடியாது, ஆள்வது ஜப்பான். 1945ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் அந்த நோட்டு வெறும் காகிதமானது. கட்டிய வாழைப்பழப் பணத்தை எவ்வளவுக்குக் கடனில் கழிப்பது என்று தீர்க்க, 1948ல் தனியாக ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. வசூல் முழுதாக ஆகியும் திவாலானவன் கதையை வேறெந்த ஊரில் போய்க் கேட்பது?

பர்மா இன்னும் பெரிய கதை, இன்னும் வேதனையானது. 1930 வாக்கில் அங்கே செட்டியார் கடைகள் சுமார் 1,650 இருந்தன. தொழில் வட்டித் தொழில்தான். நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பணம் திரும்பினால் போதும் என்று இருந்தவர்கள். உலக மந்தத்தில் நெல் விலை விழுந்தது, விவசாயியால் தவணை கட்ட முடியவில்லை, அடமான நிலமெல்லாம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம் வைத்திருந்தவர்கள், 1938ல் 25 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள். 24 லட்சம் ஏக்கருக்கும் மேல்! ஆசைப்பட்டு வாங்கிய நிலம் கிடையாது, ஆனால் அதை இழந்த பர்மியக் குடும்பம் அப்படிப் பார்க்குமா? பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. இந்த இடத்தைப் பூசி மெழுகாமல் சொல்லுங்கள் என்றுதான் உங்களிடம் முக்கியமாகக் கேட்கிறேன். முகப்பில் நிற்கும் தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கிறவர்களுக்கு, அந்தப் பணத்தின் மறுமுனையில் ஒரு விவசாயி இருந்தான் என்பதும் தெரியட்டும்.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். 1942ல் ஜப்பான் நுழைந்ததும் கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியே நடந்தார்கள், பலர் வழியிலேயே செத்தார்கள். 1948ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. அத்தனைக்கும் பிறகு அங்கே தங்கிய தமிழர்களை 1964 பிடித்தது. நே வின் என்ற தளபதியின் ராணுவ அரசு 50, 100 க்யாட் (பர்மா நாணயம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. ஒரே தலைமுறைக்குள் இரண்டு தடவை கையிலிருந்த பணம் காகிதமானால், அந்த மனிதர் எதைத்தான் நம்புவார்?

சினிமாக்காரர்கள் பற்றிக் கேட்கிறார்கள் என்றால் அதற்கும் நம்மிடம் சரக்கு இருக்கிறது. 1940களில் ஏவி.மெய்யப்பன் இங்கே காரைக்குடிப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டூடியோ போட்டிருந்தார், 1947ல் வெளியான ‘நாம் இருவர்’ இங்கே எடுத்த படம். ரஸ்தா வழியாகத்தானே தினமும் வண்டி ஓட்டுகிறீர்கள், ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

சுதந்திரப் போராட்டக்காரர் சின்ன அண்ணாமலையையும் விட்டுவிடாதீர்கள். 1942 ஆகஸ்டில் அவரைத் திருவாடானை சிறையில் அடைத்தார்கள் என்று கேள்விப்பட்டு, ஊர் சனமே திரண்டு போய்ப் பட்டப்பகலில் சிறையை உடைத்து வெளியே கொண்டுவந்தது. அந்த நாட்களில் தேவகோட்டைப் பக்கம் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர் தப்பினார். பிறகு பதிப்பகம் நடத்தினார், சிவாஜி ரசிகர் மன்றத்தை வளர்த்தார், 1980ல் தன் மணிவிழா நாளிலேயே காலமானார். எழுதிக் கொடுத்தால் எந்த டைரக்டரும் நம்ப மாட்டார்.

இதையெல்லாம் சொல்ல உங்களுக்குத் தயக்கம் இருப்பது புரிகிறது. வீட்டுக்காரர்களுக்கு நட்டக்கணக்கை வெளியே சொல்வது கௌரவக் குறைவு, வழிகாட்டிகளுக்கு வருகிறவர்கள் முகம் வாடிவிடுமோ என்ற பயம். முகம் வாடாது, ஆச்சி. கதை கேட்டவர்கள்தான் அந்த வீட்டில் கூடக் கொஞ்ச நேரம் நிற்பார்கள், நாலு பேரிடம் போய்ச் சொல்வார்கள்.

எனக்குக் கேட்க இரண்டே விஷயம்தான். வீட்டின் இரண்டாம் கட்டில் கிடக்கும் டிரங்குப் பெட்டியைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கு விற்கிறீர்கள் என்றால் விற்றுக்கொள்ளுங்கள், அது உங்கள் சொத்து. உள்ளே இருக்கும் பேரேடு, கடிதாசி, ஜப்பான் நோட்டு இவற்றை மட்டும் எடைக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். நாலு நோட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு முகப்பில் மாட்டினாலும் போதும். அடுத்தது, பினாங்கிலும் ரங்கூனிலும் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாக, இருந்தவர்கள் தங்கள் வாயால் சொன்னதைக் கேட்ட பிள்ளைகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களுக்கும் எழுபது, எண்பது ஆகிறது. மார்கழியில் கூட்டம் வந்துவிட்டால் உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்கு முன்னால் ஒரு மத்தியானம் போனை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடிக்காரன் ஒருவன்