'ரீசன்ஸ் ஐ சீட்' கேட்க வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சார்லட் நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நாட்டுப்புற வாசனையுள்ள 'கன்ட்ரி' இசைப் பாடகர் ராண்டி டிராவிஸ் பாட்டு கேட்கலாம், வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டபோது "கன்ட்ரி மியூசிக்கா?" என்று இழுத்தவர்களும் சனிக்கிழமை வந்துவிட்டீர்கள். முதல் நன்றி உங்களுக்குத்தான்.

டிராவிஸின் 'ஸ்டார்ம்ஸ் ஆஃப் லைஃப்' இசைத்தட்டையும் அதை ஓட்டும் பெட்டியையும் நம்பிக் கொடுத்த அண்ணனுக்கு அடுத்த நன்றி. தட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை அண்ணா. 1986இல் வந்து அமெரிக்காவில் மட்டும் 30 லட்சம் பிரதிகள் விற்ற ஆல்பம் அது. 'ஆன் தி அதர் ஹேண்ட்', 'டிக்கிங் அப் போன்ஸ்' என்ற அதன் பாட்டுகள் இரண்டும் கன்ட்ரி பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்தன. அந்தக் கூட்டத்தில், டிராவிஸ் தானே எழுதிய 'ரீசன்ஸ் ஐ சீட்' (நான் துரோகம் செய்யும் காரணங்கள்) தனிப் பாட்டாக வெளிவராமல் ஓரமாகவே நின்றுவிட்டது. என்னைக் கேட்டால் ஆல்பத்திலேயே கனமான பாட்டு அதுதான்.

அந்தப் பாட்டில் மனைவிக்குத் துரோகம் செய்பவன் வேலைச்சுமை, வீட்டில் புரிந்துகொள்ள ஆளில்லை என்று காரணங்களை அடுக்குகிறான். "இதெல்லாம் ஒரு காரணமா?" என்று அக்கா ஒருவர் பாதியிலேயே கொதித்தார். அந்தச் சண்டைக்கும் நன்றி அக்கா! நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன்: பாடுகிற குரலுக்கே அந்தக் காரணங்களில் நம்பிக்கை இல்லை. எங்கேயும் கெஞ்சவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. வரி முடிகிற இடத்தில் டிராவிஸ் குரலைக் கீழே இறக்கி அப்படியே விட்டுவிடுகிறார்.

கன்ட்ரி பாட்டுகளில் இழைந்து ஒலிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டாரை வண்டியில் போட்டுக் கொண்டுவந்த பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வது? பத்துக் கம்பி, இடது கையில் இரும்பு உருளை, காலடியில் பெடல்கள், முழங்காலுக்குத் தனி நெம்புகோல். வலது காலடியில் இருந்த ஒலி பெடலால் சத்தத்தை அடக்கி வைத்துக்கொண்டு கம்பியை மீட்டினார். அப்புறம் மெல்ல அந்தப் பெடலை அழுத்தினார். மீட்டிய சத்தமே கேட்கவில்லை, சுரம் மட்டும் ஊறி வந்தது. வீணை கற்ற தங்கை ஒருத்தி "கமகம் மாதிரியே இருக்கே" என்று கிட்டே போய் உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு பெடலாக அவளை மிதிக்கவிட்ட பொறுமையை என்ன சொல்ல!

பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் நன்றி. டிராவிஸ் பிறந்த மார்ஷ்வில் இங்கிருந்து பக்கம்தான். டிரேவிக் என்ற சொந்தப் பெயரோடு, சின்னப் பையனாக, இதே சார்லட்டில் 'கன்ட்ரி சிட்டி யுஎஸ்ஏ' கிளப்பில் அவர் பாடியதை அந்த அம்மா நேரில் கேட்டிருக்கிறார். அதன் பிறகு கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் இசைத்தட்டு கம்பெனிகள் "பழைய கன்ட்ரி வாசனை அதிகம்" என்று திருப்பி அனுப்ப, டிராவிஸ் 'நாஷ்வில் பேலஸ்' விடுதியில் சமைத்து, பாத்திரம் கழுவி, அங்கேயே பாடிக் காலம் தள்ளியிருக்கிறார். 2013இல் வந்த பக்கவாதம் அந்தக் குரலையே பறித்துக்கொண்டது என்று சொன்னபோது அந்த அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை.

சுண்டல், டீ, நாற்காலி எல்லாம் பார்த்துக்கொண்ட பிள்ளைகளே, நீங்கள் இல்லாவிட்டால் நான் திண்டாடியிருப்பேன். யாரோ ஒரு எவர்சில்வர் தூக்கை விட்டுப் போயிருக்கிறீர்கள். கழுவி வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பாட்டுப் பைத்தியம்