ஆண்டறிக்கை: கேப் பிரெட்டன் ஒன்றுகூடலும் பிற பணிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குலத்துச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்து வழி வந்த நம் மக்லவுட் குலச் சங்கத்தின், நியூசிலாந்து வைப்பூ வட்டாரக் கிளை சார்பில் இந்த அறிக்கையைப் படிக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. ஒன்று மட்டும் மழையால் தள்ளிப்போனது. புத்தாண்டு நாளன்று நம் ஊர் ஹைலாண்ட் விளையாட்டுகளில், அதாவது ஸ்காட்லாந்து மரபு விளையாட்டு விழாவில், குலக் கூடாரம் போட்டோம். 1871-இல் தொடங்கிய விளையாட்டு என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை, நிழலுக்குத்தான் குறை. கூடாரத்துணியை மாற்ற வேண்டும் என்று போன வருடமும் சொன்னேன், இந்த வருடமும் சொல்கிறேன்.

சரி, இந்த ஆண்டின் பெரிய காரியத்துக்கு வருகிறேன். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், கேப் பிரெட்டன் தீவின் செயின்ட் ஆன்ஸில் நடந்த குல ஒன்றுகூடலுக்கு நம் கிளையிலிருந்து ஒரு குழு போய் வந்தது.

புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஸ்காட்லாந்தின் அஸிண்ட் பகுதியில் 1780-இல் பிறந்த மதபோதகர் நார்மன் மக்லவுட், திருச்சபையோடு ஒத்துப்போகாமல் 1817-இல் நோவா ஸ்கோஷியாவின் பிக்டோவுக்குக் கப்பலேறினார். 1820-இல் அவரும் அவரை நம்பி வந்தவர்களும் செயின்ட் ஆன்ஸ் விரிகுடாக் கரையில் குடியேறினார்கள். முப்பது ஆண்டுகள் காடு வெட்டினார்கள், மீன் பிடித்தார்கள், உருளைக்கிழங்கு போட்டார்கள். 1840-களின் கடைசியில் கிழங்கில் நோய் விழுந்து பஞ்சம் வந்தது. அந்தச் சமயத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து நார்மனின் மகன் எழுதிய கடிதம் கிடைக்க, 71 வயதில் கிழவர் மறுபடி மூட்டை கட்டினார். ‘மார்கரெட்’ கப்பல் 1851-இல் புறப்பட்டு மறு ஆண்டு அடிலெய்டு சேர்ந்தது. தங்கம் தேடி வந்த கூட்டமும் காய்ச்சலும் நிறைந்த மெல்போர்ன் அவர்களுக்கு ஒத்துவரவில்லை. கடைசியில் நியூசிலாந்து ஆளுநருக்கு எழுதிக் கேட்டு, 1850-களின் நடுவில் வைப்பூவில் கால் ஊன்றினார்கள். 1859 வரை ஆறு கப்பல்கள் கேப் பிரெட்டனிலிருந்து கிளம்பின. எண்ணூறு பேருக்கு மேல் வந்தார்கள். கப்பல்களின் பெயர்கள் நம் ஊர் நினைவுத்தூணில் இருக்கின்றன, தினமும் பார்க்கிறோம். ஆனால் அந்தக் கப்பல்களில் ஏறாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

போன வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்திலிருந்து வான்கூவர், அங்கிருந்து ஹாலிஃபாக்ஸ், அப்புறம் வேனில் கான்சோ கடற்பாலத்தைத் தாண்டித் தீவுக்குள். ஒரு விமான நிறுவனம் நம்மில் பாதிப் பேரின் பெட்டிகளை எங்கேயோ விட்டுவிட்டது. கில்ட்டுகள், அதாவது நம் குலத்துக் கட்டம்போட்ட பாவாடை உடுப்புகள், எல்லாம் அந்தப் பெட்டிகளில். முதல் நாள் அணிவகுப்பில் விருந்தளித்தவர்கள் கொடுத்த இரவல் உடுப்பில்தான் நடந்தோம். நம் தலைவர் வேறொரு குலமான கேம்பலின் டார்ட்டனை (குலக் கட்டத்துணி) கட்டி நடந்ததைப் படம் எடுத்தவர்கள் அதைத் தயவுசெய்து அழித்துவிடவும். பெட்டிகள் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தன. அதன்பின் மஞ்சளும் கறுப்புமான நம் லூயிஸ் மக்லவுட் டார்ட்டனில் நம் ஆட்கள் நின்றதும் அரை மைலுக்கு அந்தப் பக்கமிருந்தே அடையாளம் தெரிந்தது.

கூட்டம் நடந்தது ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்குக்காக 1938-இல் தொடங்கப்பட்ட கேலிக் கல்லூரி வளாகத்தில். நார்மன் குடியிருந்த நிலத்தோடு தொடர்புள்ள இடம். விரிகுடாவைப் பார்த்த சரிவு, மேப்பிளும் ஸ்ப்ரூஸும் அடர்ந்த மலை. பேக்பைப், நடனம், விருந்து எல்லாம் நன்றாகவே இருந்தன, குறை சொல்ல ஒன்றுமில்லை. விருந்தின் உரைகள் மட்டும் நீளம்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வம்சாவளி மேசைதான். ஒரு பக்க அறையில், சுவர் ஓரமாக நீள மேசை போட்டு, வந்தவர்கள் கொண்டுவந்த காகிதங்களைப் பரப்பச் சொல்லியிருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் அதற்குத் தந்தது ஒரு மணி நேரம். உண்மையில் மூன்று நாளும் அந்த அறையில் ஆள் குறையவில்லை. சிக்கல் என்னவென்றால் பெயர்கள். எல்லாரும் டொனால்ட், ஜான், நார்மன். எந்த டொனால்ட் என்று கேட்டால் ஜானின் மகன் டொனால்ட். எந்த ஜான் என்றால் டொனால்டின் மகன் ஜான். அந்த ஊர்க்காரர்கள் அப்பா, தாத்தா பெயரை அடுக்கிச் சொல்லியும் பட்டப்பெயர் வைத்தும் சமாளிக்கிறார்கள். நாம் கொண்டுபோன பட்டியலில் பட்டப்பெயர்களை யாரோ ‘மரியாதைக் குறைவு’ என்று நீக்கியிருந்தார்கள். அதனால் பாதிப் பட்டியல் அங்கே பயன்படவில்லை.

மேசையருகே ஒரு வயதான அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து உட்கார்ந்திருந்தார். யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றே: “நீ யார் வீட்டுப் பிள்ளை?” நம் உறுப்பினர் ஒருவர் தன் பெயர், தொழில், பதவி எல்லாம் சொன்னார். “அதெல்லாம் சரிப்பா, உன் தாத்தாவோட அப்பா எந்தக் கப்பல்ல போனார்?” என்றார் அந்த அம்மா. ‘ஸ்ப்ரே’ என்றதும் உறைக்குள்ளிருந்து நான்காக மடித்த கடிதம் ஒன்றை எடுத்து வைத்தார். வைப்பூவிலிருந்து அண்ணன் தம்பிக்கு எழுதியது. இங்கே பனி இல்லை, மாடுகளுக்கு வருடம் முழுக்கப் புல் இருக்கிறது, நீயும் வந்துவிடு என்று எழுதி, அடியில் விதை உருளைக்கிழங்கு விலை குறித்திருந்தது. தம்பி வரவில்லை. அந்தத் தம்பி வழி வந்தவர் அந்த அம்மா, அண்ணன் வழி வந்தவர் நம் உறுப்பினர். கடிதத்தின் நகல் அனுமதியோடு கொண்டுவந்திருக்கிறோம்; நம் ஊர் அருங்காட்சியகத்திடம் ஒப்படைப்போம்.

இரண்டாம் நாள் மாலை, நெய்த கம்பளித் துணியை இறுக்கிக் கெட்டியாக்க அடிக்கும் நிகழ்ச்சி. நனைத்த துணியை நீள மேசையில் வளையமாகப் போட்டு, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கேலிக் பாட்டு எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பல்லவி பாடி, தாளத்துக்குத் துணியை மேசையில் அடித்து அடுத்த கைக்குத் தள்ளுவது. ஸ்காட்லாந்தில் பெண்கள் மட்டுமே செய்த வேலை. கேப் பிரெட்டனில் ஆண்களும் உட்காருகிறார்கள். நம் ஆண்கள் முதல் பாட்டிலேயே தாளம் தவறி நனைந்தார்கள். இங்கே நம் கூட்டத்திலும் இதைத் தொடங்கலாம், பழைய போர்வை ஒன்று போதும்.

இங்கிலிஷ்டவுன் பக்கம் ராட்சத உயரத்துக்குப் பேர்போன ஆங்கஸ் மக்காஸ்கிலின் கல்லறைக்கும் போனோம். 1825-இல் பெர்னரே தீவில் பிறந்து செயின்ட் ஆன்ஸில் வளர்ந்தவர், உயரம் 7 அடி 9 அங்குலம். மக்காஸ்கில் நம் குலத்தோடு சேர்ந்த துணைக்குடி. ‘என் பெயர் மக்லவுட் இல்லையே, சேரலாமா’ என்று கேட்டு எனக்கு எழுதுகிறவர்களுக்கு இதுவே பதில்: மக்காஸ்கிலும் சேரலாம், இன்னொரு துணைக்குடியான மக்கிரிமனும் சேரலாம்.

ஒரு சர்ச்சையையும் பதிவு செய்ய வேண்டும். விருந்தில் நார்மனுக்காக எழுந்து நின்று வாழ்த்துச் சொல்ல நம் குழு விரும்பியது. அந்த ஊர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள். காரணம் உண்டு. தன் மனைவி அலங்காரத் தொப்பி போட்டு வந்ததற்கு நார்மன் பிரார்த்தனைக் கூட்டத்தில் பிரசங்க மேடையிலிருந்தே திட்டினார் என்பார்கள். திருடியதாகச் சந்தேகப்பட்ட ஒரு சிறுவனின் காது நுனியை வெட்டவைத்தார், பையன் குற்றமற்றவன் என்று பின்னால் தெரிந்தது என்ற கதையும் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. நமக்கு அவர் கரை சேர்த்தவர். அவர்களுக்கோ ஊரில் பாதியைக் கூட்டிக்கொண்டு போனவர். என் கருத்தில் இரண்டையும் நம் ஆண்டு மலரில் போட வேண்டும். செயற்குழுவில் இருவர் ஒப்பவில்லை, விவாதம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். ஒன்று மட்டும் சொல்கிறேன்: விருந்துக்கும் மேடைக்கும் ஆன பணத்தைப் பார்த்தால், அந்தப் பக்க அறை மேசைக்கு ஆன செலவு தேநீர்க் காசுதான்.

கேப் பிரெட்டன் சொந்தங்கள் வரும் புத்தாண்டு விளையாட்டுக்கு வைப்பூ வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்காகச் செயற்குழுவிடம் நான் வைக்கும் கோரிக்கை: விருந்தைச் சிறிதாக்குங்கள், உரைகளை இரண்டோடு நிறுத்துங்கள், வம்சாவளி மேசைக்குக் கூடத்தை முழு நாளும் திறந்து வையுங்கள். பட்டப்பெயர்களைத் திரும்பச் சேர்க்கும் வேலை தொடங்கிவிட்டது. பாட்டி, தாத்தாவிடம் கேட்டு, எவ்வளவு கேலியானதாக இருந்தாலும் அப்படியே எழுதித் தரவும்.

விருந்தினர்களை விடுதியில் போடாமல் வீடுகளில் தங்கவைக்க முடிவு செய்திருக்கிறோம். அறை தர முடிந்தவர்கள் மாத இறுதிக்குள் என்னிடம் பெயர் கொடுங்கள். எந்தக் கப்பல் வழி வந்த குடும்பம் என்பதையும் குறிப்பிட்டால் உறவு பார்த்துப் பிரித்துவிடலாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரை இன்றே பார்க்கவும். கூடாரத்துணி விஷயத்தை மூன்றாம் முறை சொல்ல வைக்காதீர்கள்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்