இடைக்கால நிர்வாகக் குழுவின் நன்றி மடல்

பெற்றோர், ஆசிரியர், பழைய மாணவர், கொட்டாஞ்சேனை அயலவர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பாடசாலையின் பழைய ஆளுநர் சபை நீக்கப்பட்டபின் அதன் இடத்தில் பாடசாலையை நடத்தியவர்கள் நாங்கள்; புதிய ஆளுநர் சபை பொறுப்பேற்பதோடு எங்கள் வேலை முடிகிறது. நன்றி சொல்வதென்றால் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தத் தக்க பெரியவர்களைத் தேடுவது நம் வழக்கம். இந்த மடலில் வருவோரில் பெரும்பாலோர் அலுவலக மேசையிலும் வங்கி முகப்பிலும் வகுப்பறையிலும் வேலை பார்த்தவர்கள். ஒரு சபையை நீக்குவது ஒரு மாலைக் கூட்டத்தோடு முடிந்துவிடும். மறுநாள் ஏழரைக்கு மணி அடிப்பதும், மாத முடிவில் சம்பளம் போவதும், பரீட்சை விண்ணப்பத்தில் கையொப்பம் விழுவதும் தடைப்படாமல் பார்ப்பதுதான் பெரும் வேலை. பலர் தங்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். செய்த வேலையைச் சொன்னால் யாரென்று உங்களுக்கே தெரியும்.

பழைய சபையை நீக்கும் தீர்மானத்தை வரைந்து தந்த சட்டத்தரணிக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். இங்கிலாந்தில், உள்ளூராட்சியின் பராமரிப்பிலுள்ள பாடசாலையொன்று பின்தங்கிப்போனால், அதன் ஆளுநர் சபையை முழுவதுமாக நீக்கி இடைக்கால நிறைவேற்றுச் சபை ஒன்றை அமர்த்த 2006ஆம் ஆண்டுக் கல்வி, பரிசோதனைகள் சட்டம் இடம் தருகிறது. அமைச்சரின் சம்மதத்தோடு உள்ளூராட்சி நியமிக்கும். குறைந்தது இருவர் இருந்தால் போதும். அந்த ஒழுங்குகளை எங்களுக்குப் பிரித்து விளக்கியவர், இலண்டனில் பாடசாலை ஆளுநராக இருக்கும் எங்கள் பழைய மாணவி. கட்டணம் அறவிடாத, அரச உதவிபெறும் தனியார் பாடசாலையான எமக்கு அப்படியொரு சட்டத்தின் துணை இல்லை. கையில் இருந்தது பாடசாலையை நடத்தும் சங்கத்தின் யாப்பு மட்டுமே. ஆகவே பதிவுத் தபாலில் அறிவித்தல், விசேட பொதுக்கூட்டம், கூட்ட நடப்பெண் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச அங்கத்தவர் தொகை) என்று யாப்பில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் செய்ய வேண்டியிருந்தது.

“சபை கலைக்கப்பட்டது” என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கைதட்டிக் கலைந்துபோகும் சங்கங்கள் பின்னால் படும் பாடு பெரிது. எங்கள் தீர்மானத்தில் அந்த வரியோடு இன்னும் நாலு விடயங்கள் இருந்தன: பழைய சபையின் அதிகாரங்கள் யாருக்குப் போகின்றன, பழைய கையொப்பக்காரரின் அதிகாரம் எந்தத் திகதியோடு ரத்தாகிறது, இடைக்காலக் குழு எந்தத் திகதியில் தானாகவே காலாவதியாகும், எவற்றைச் செய்ய அதற்கு உரிமை இல்லை. நிரந்தர நியமனம், காணி விவகாரம், தன் காலத்தைத் தாண்டும் குத்தகை ஆகிய மூன்றும் எங்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. “வந்தவர்கள் கதிரையைப் பிடித்துக்கொள்வார்கள்” என்று பயந்த அங்கத்தவர்கள் கையை உயர்த்தியது இந்தக் கடைசி விடயத்தைப் பார்த்துத்தான்.

வங்கிக் கிளையில் எங்கள் கோப்பைப் பார்த்த உத்தியோகத்தருக்குத் தனி நன்றி. கையொப்பக்காரரை மாற்றத் தேவையானவை அதிகமில்லை: அத்தாட்சிப்படுத்திய கூட்டறிக்கைப் பிரதி, யாப்பின் பிரதி, புதியவர்களின் தேசிய அடையாள அட்டைப் பிரதிகள், மாதிரிக் கையொப்பங்கள், 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளும் படிவங்கள். கோப்பு திரும்பி வருவது பெயர்களால்தான். தமிழ்க் கூட்டறிக்கையில் ஒரு முதலெழுத்து, அடையாள அட்டையில் மூன்று. அல்லது தகப்பன் பெயர் முன்னே பின்னே மாறியிருக்கும். அந்த உத்தியோகத்தர் கூட்டத்துக்கு முன்பே வரைவைப் பார்த்து, அட்டையில் உள்ளபடியே பெயர்களை எழுதுமாறு சொல்லியிருக்காவிட்டால் அந்த மாதச் சம்பளம் தாமதித்திருக்கும்.

இதே இடத்தில் பழைய சபையின் பொருளாளருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இது சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறோம். கொடுத்து இன்னும் மாறாத காசோலைகளின் இலக்கம், திகதி, பெறுநர், தொகை நாலையும் பட்டியலிட்டுக் கையொப்பமிட்டுத் தந்தார். அதை வங்கிக்குக் கொடுத்ததால் ஒரு காசோலையும் திரும்பவில்லை. சில்லறைக் காசை இரு தரப்பும் மேசையில் வைத்து எண்ணி, எண்ணிய தாளில் ஒப்பமிட்டார்கள். சாவிகளுக்கும் அப்படியே. நீக்கப்படுபவரை அவமானப்படுத்தினால் முதலில் காணாமல் போவது இப்படியான பட்டியல்கள்தான்.

சங்கத்தின் சம்பளப் பட்டியலில் உள்ள அலுவலக ஊழியர், துப்புரவுப் பணியாளர், மேலதிக ஆசிரியர் ஆகியோரிடையே, சபை மாறினால் சேவைக்காலம் அறுந்துவிடும் என்றொரு கதை பரவியது. தொழிற்சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் வந்திருந்து விளக்கினார். தொழில் வழங்குநர் சங்கம், சபை அல்ல. ஆகவே சேவை தொடர்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதமும் தொழில் வழங்குநரின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் வழமைபோல் அடுத்த மாதம் முடியுமுன் போக வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் உண்டு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 5 ஆண்டு நிறைந்தவருக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, மாதச் சம்பளம் பெறுபவரானால் நிறைவான ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். இதை ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம். தந்திருந்த விலகல் கடிதங்கள் மீளப் பெறப்பட்டன.

ஆசிரியர்களுக்குச் சொல்லும் நன்றிதான் பெரியது. தவணைப் பரீட்சைப் புள்ளிகளை நம்பிக் கூடத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் எதுவும் நகர்ந்திருக்காது. கொப்பியில் கொடுத்த கேள்வியே வினாத்தாளிலும் வரும்போது, வாசிக்கத் தெரியாத பிள்ளையும் ஓரளவு புள்ளி எடுத்துவிடும். கரும்பலகையைப் பார்த்து முத்துப்போல எழுதும் பிள்ளைகள் சிலருக்கு அந்த வரியைத் திரும்ப வாசிக்க முடியவில்லை. இதைக் கண்டுபிடிக்கத் தரம் 6 முதல் 9 வரை பிள்ளைகளை ஒவ்வொருவராக இருத்திப் பார்க்க வேண்டும்: தரம் 3 பாடநூலில் ஒரு பந்தி, தரம் 5 நூலில் ஒரு பந்தி, சொல்வதெழுதல் சில வரி, கடன் வாங்கிக் கழித்தல் ஒன்று, வகுத்தல் ஒன்று. பிள்ளைக்கு 5 நிமிடம் என்றால் 35 பேருள்ள வகுப்புக்கு 175 நிமிடம். 40 நிமிடப் பாடவேளை கணக்கில் ஏறக்குறைய நாலரை. யாரும் தம் சொந்த வகுப்பைச் சோதிக்கவில்லை, மாறி மாறிப் பார்த்தார்கள். முடிவைப் புள்ளியாக எழுதாமல் “வாசிக்கிறார், எழுத்துக்கூட்டுகிறார், இல்லை” என்று மூன்று நிரலில் குறித்தார்கள். குழு உறுப்பினர் எவரும் அந்த அறைகளுக்குள் போகவில்லை; ஆசிரியரைப் பரிசோதிக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தால் நிரல் எல்லாம் “வாசிக்கிறார்” என்றே நிரம்பிவிடும்.

ரிலீஃப் புத்தகத்தை (ஆசிரியர் வராத பாடவேளைகளுக்கு யார் பதிலுக்குப் போனார் என்று குறிக்கும் பதிவேடு) தவணை முழுவதும் ஒழுங்காக எழுதிய பகுதித் தலைவருக்கும் இதில் பங்குண்டு. எந்த வகுப்பு எந்தப் பாடவேளையை இழந்தது என்று அதிலிருந்து நேரசூசியின்மேல் சிவப்புப் புள்ளி வைத்துப் பார்த்தபோது, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைகளில் கணிதம் போடப்பட்ட வகுப்புகளில் அந்தச் சிவப்புப் புள்ளிகள் குவிந்து கிடந்தன. கணிதத்தை முதல் நாலு பாடவேளைகளுக்குள் கொண்டுவரச் சல்லிக்காசு செலவில்லை. பழைய சபையின் கூட்டறிக்கைகளில் விளையாட்டுப் போட்டிக்கும் மண்டபத்துக்கும் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. இப்படியொரு புத்தகம் இருப்பதாகவே ஒரு வரி இல்லை.

பதில் அதிபர் எங்கள் எல்லாக் கூட்டங்களுக்கும் வந்தார். வாக்கு அவருக்கு இல்லை, ஆனால் ஆசிரியருக்கான பணிப்பு அவர் வாயிலாக மட்டுமே போனது. வலயக் கல்விப் பணிமனையின் ஆசிரிய ஆலோசகர்கள் வந்து கற்பித்துக் காட்டினார்கள். விடைத்தாள்களை மாற்றித் திருத்தித் தந்த அயல் பாடசாலை ஆசிரியர்களுக்கும் நன்றி.

பெற்றோர் பலர் புறக்கோட்டைக் கடைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்பவர்கள். மாலை 3 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு “அக்கறை இல்லை” என்று குறை சொல்வதில் நியாயமில்லை. போயா நாளில் வைத்தபோது மண்டபம் நிரம்பியது. வாட்ஸப்பில் வதந்தி ஓடிய நாட்களில், ஒரு பக்க அறிவித்தலை வாயிற்கதவருகே நின்று வாசித்துக் காட்டிய தாய்மாருக்கும், பிள்ளைகள் வீடு போகும்வரை அந்தக் கதவைப் பூட்டாமல் காத்திருந்த காவலாளி ஐயாவுக்கும் நன்றி.

இங்கிலாந்து முறையில் எங்களுக்கு மிகவும் உதவியது நிழல் சபை. இடைக்காலக் குழு போகுமுன்பே, வரப்போகும் சபை உருவாகிப் பக்கத்தில் அமர்ந்து பழக வேண்டும். தெரிவானவர்கள் கடைசித் தவணை முழுவதும் எங்களோடு உட்கார்ந்தார்கள். வரவுசெலவுத் திட்டத்தை அவர்களே தயாரித்தார்கள், நாங்கள் கேள்வி மட்டும் கேட்டோம். ஊழியர்களின் நெருங்கிய உறவினரும் பாடசாலையோடு வியாபாரம் செய்பவரும் விண்ணப்பிக்க முடியாது என்ற விதியால் நல்லவர்கள் சிலரும் வெளியே நிற்க நேர்ந்தது. அதைப் பெருந்தன்மையோடு ஏற்ற அவர்களுக்கும் வணக்கம்.

புதிய சபைக்கு விட்டுப்போகும் வேலைகள்: சிற்றுண்டிச்சாலைக் குத்தகைக்குக் கேள்விமனு கோர வேண்டும், மேல்மாடிக் கூரையின் ஒழுக்கு மழைக்கு முன் பார்க்கப்பட வேண்டும், “இல்லை” நிரலில் இருந்த பிள்ளைகளை அடுத்த தவணைத் தொடக்கத்தில் மீண்டும் இருத்தி வாசிக்கச் சொல்ல வேண்டும். பட்டியல் அலுவலக அலுமாரியின் இரண்டாம் தட்டில், நீலக் கோப்பில் இருக்கிறது.

இப்படிக்கு,
இடைக்கால நிர்வாகக் குழு
கொழும்பு 13