வாசல் கற்றாழை செத்த கதை

விண்ட்சர், கனடா
மாசி மாதம்

அன்புள்ள ஆச்சிக்கு,

பேரன் எழுதுவது. இங்கே நான் நல்ல சுகம். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உனக்குப் பாதி கேட்பதில்லை, மீதிக்கு நீயே ஒரு பதில் வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். தங்கச்சி வாசித்துக் காட்டுவாள். அவள் சோம்பலில் எதையாவது தாண்டிவிட்டால் திரும்ப வாசிக்கச் சொல்.

"வாசலில் கத்தாழை கட்டினியாலே?" என்று போன வாரம் கேட்டாய். "ஆமா ஆச்சி" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன். கட்டியது உண்மைதான். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்டோபரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த கையோடு, கடையில் ஒரு கற்றாழை வாங்கி, வேரோடு பிடுங்கி மண்ணை உதறி, நீ கட்டுகிற மாதிரியே நிலைக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டேன். நம் வீட்டில் மண்ணும் தண்ணியும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கிற செடிதானே! நவம்பரில் ஒரு ராத்திரி மைனஸ் 6 டிகிரி போயிற்று. காலையில் தொட்டுப் பார்த்தால் கண்ணாடி மாதிரி விறைத்திருந்தது. மத்தியானம் வெயில் பட்டதும் வெந்த கத்தரிக்காய் மாதிரி தொளதொளத்து, படியில் கொழகொழவென்று வடிய ஆரம்பித்தது. தபால்காரர் அதைத் தாண்டிக் கால் வைத்துப் போனார். திருஷ்டி கழிக்கக் கட்டியதே திருஷ்டி பட்டுச் செத்துவிட்டது என்று நீ நினைப்பாய் என்றுதான் மறைத்தேன்.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உன் வயசு இருக்கும். உன்னை மாதிரியே கேட்காமலே யோசனை சொல்கிறவள். அவள் வீட்டில் ஒரு அத்திமரம் நிற்கிறது. வருஷா வருஷம் நவம்பரில் அதை வளைத்துப் பள்ளத்தில் படுக்க வைத்து, பலகை போட்டு மண்ணை மூடிப் புதைத்துவிடுவாள். சித்திரையில் தோண்டி எழுப்புவாள். அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் ஆவணியில் அதே மரத்துப் பழத்தை ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தாள்.

அவள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டியது அத்தியை இல்லை. தெற்குச் சுவரோரம், பனி பூத்த மண்ணில், நம் சப்பாத்திக்கள்ளி! பேய்க்குளம் போகிற வழியில் பழம் பறித்துத் தின்று, நாக்கெல்லாம் சிவந்து வந்து, உள்ளே இருக்கிற நட்சத்திர முள்ளை எடுக்காமல் தின்றதற்கு உன்னிடம் அடி வாங்கினேனே, அதே சாதி. உயரம் மட்டும் கம்மி, முழங்காலுக்குக் கீழே. மடல் எல்லாம் சுருங்கி, ஊதா நிறமாகி, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. செத்துவிட்டது என்றேன். பாட்டி சிரித்தாள். இதற்கு மைனஸ் 20-ம் ஒரு பொருட்டில்லையாம்.

சூட்சுமம் கேள். இந்தக் கள்ளி இலையுதிர் காலத்திலேயே தன் உடம்புத் தண்ணியை வெளியே விட்டுவிடுகிறது. மிச்சம் இருக்கிற சாறு கெட்டியாகிவிடும். பதநீரையும் கருப்பட்டிப் பாகையும் ஐஸ் பெட்டியில் வைத்துப் பார். பதநீர் கல்லாகிவிடும், பாகு உறையாது. அப்படித்தான். சுருங்கின கள்ளி பிழைக்கும், கொழுத்த கள்ளி வெடித்துச் சாகும். அதனால் ஆகஸ்ட் கடைசியோடு தண்ணியையும் உரத்தையும் நிறுத்திவிட வேண்டும். நானோ பாட்டி கொடுத்த நாலு மடலை ஊன்றி, பாவம் குளிரப்போகிறதே என்று அக்டோபர் வரைக்கும் தண்ணி ஊற்றினேன். போதாததற்கு நட்டது வீட்டுப் பின்பக்கக் களிமண்ணில். இந்த வட்டாரம் முழுக்கக் களிதான், நம் குளத்துக் கரம்பை மாதிரி. பனி உருகி, மழை பெய்து, திரும்ப உறைந்து, வேர்ப்பக்கம் மூன்று மாதம் ஈரத்திலேயே நின்றது. பங்குனியில் பார்த்தால் நாலும் அடியில் அழுகிப்போயிருந்தன.

அந்த வசந்தத்தில் ஒருநாள் இங்கிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் பாயிண்ட் பீலி என்ற இடத்துக்குப் போனேன். ஈரி ஏரிக்குள் நீளமாக ஓடுகிற மணல்முனை. கனடாவின் பெருநிலப்பரப்புக்குத் தென்கோடி, நமக்குக் கன்னியாகுமரி மாதிரி. 1918-லேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். அங்கே இந்தக் கள்ளி யாரும் நடாமலே வளர்கிறது. கனடாவில் அருகிவிட்ட செடி என்று தொடவிட மாட்டார்கள், பார்த்துவிட்டு வரலாம். நான் பார்த்தது கள்ளியை இல்லை, ஆச்சி, அது நின்ற மண்ணை. செருப்புக்குள் புகுகிற மணல். நம் ஊர்ச் செம்மணல் தேரியில் ஐப்பசி மழை எவ்வளவு கொட்டினாலும் கொஞ்ச நேரத்தில் காலில் ஈரம் ஒட்டாதே, அந்த மாதிரி. நிறம்தான் செக்கச்செவேல் இல்லை. தேரிக்காட்டுக்காரன் நான், கள்ளியைக் கொண்டுபோய்க் களியில் நட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வந்ததும் வேலையை ஆரம்பித்தேன். தெற்குச் சுவரோரம், ஒரு அடி உயரத்துக்கு மேடு. பாதி மண், பாதி கொரகொரப்பான ஆற்று மணலும் குறுணைச் சல்லியும். மாவு மாதிரி நைசான மணல் ஆகாது, அது மண்ணோடு சேர்ந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும். செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குச் சல்லி பரப்பினேன். மேடு ஒரு பக்கம் சரிவாக இருந்தால் தண்ணி நிற்காது.

புதிதாக ஊன்றின ஐந்து கள்ளியோடு இன்னொன்றும் நட்டேன். ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இலை வைத்துத் தரையோடு உட்கார்ந்திருக்கும். செம்பர்வைவம் என்று பேர், லத்தீனில் எப்போதும் உயிரோடு இருப்பது என்று அர்த்தம். இங்கே கோழியும் குஞ்சும் என்கிறார்கள், தாய்ச்செடியைச் சுற்றிக் குட்டி குட்டியாகப் போட்டுக்கொண்டே போவதால். பூத்தால் தாய் செத்துவிடும், குஞ்சுகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சின்ன வயசில் நான் நோட்டுக்குள் வைத்துக் குட்டி போடுகிறதா என்று தினம் திறந்து பார்த்த ரணகள்ளி இலை ஞாபகம் இருக்கிறதா? அதற்குத் தூரத்துச் சொந்தம்தான்.

குளிர்காலத்தில் இதைப் பார்க்க வேண்டும். வெளி இலை காய்ந்து உள்ளே இருக்கிறதைப் போர்த்திக்கொள்ளும். நடு மொட்டு கைமுஷ்டி மாதிரி இறுக மூடிக்கொண்டு, கருஞ்சிவப்பாகிவிடும். பனி மூடினால் கவலையே இல்லை. பனிக்குள்ளே குளிர் அவ்வளவு ஏறாது, காற்றும் படாது, கம்பளி போர்த்திய மாதிரி. பனியில்லாமல் வெறுங்காற்று அடிக்கிற நாளும், மாசியில் நடுவில் நாலு நாள் உருகித் திரும்ப உறைகிற நாளும்தான் கெட்ட நாள். மண் உப்பிச் சின்னச் செடிகளை வேரோடு மேலே தள்ளிவிடுகிறது. காலையில் காப்பி தம்ளரோடு போய் ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிவிட்டு வருவேன்.

எல்லாரும் பண்ணுகிற தப்பு, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டுவது. உள்ளே வேர்த்து அழுகிவிடும். நான் பழைய ஜன்னல் கண்ணாடி ஒன்றை நாலு செங்கல் மேல் வைத்திருக்கிறேன். மழை மேலே விழாது, நாலு பக்கமும் காற்று வரும். மேப்பிள் சருகு வந்து செடிமேல் ஒட்டினால் அதையும் பொறுக்கிவிட வேண்டும். தொட்டியில் வைப்பது இங்கே தொல்லை: நாலு பக்கமும் குளிர் ஏறி வேர் உறையும், சுட்ட மண் தொட்டி ஈரம் உறைந்து இரண்டாகப் பிளக்கும். எனக்கு இரண்டு போச்சு. இப்போது தொட்டியோடு மண்ணில் கழுத்தளவு புதைத்துவிடுகிறேன், பாட்டியின் அத்தி மாதிரி. அப்புறம், நடைபாதையில் பனி உருக உப்புத் தூவுவார்கள். அந்தப் பனியை வாரிப் படியோரம் கொட்டி சீடம் (sedum) என்ற சதைப்பற்றுச் செடி ஒரு வரிசையைத் தீர்த்துக்கட்டியதும் நான்தான்.

இந்தத் தை மாதம் ஒரு ராத்திரி மைனஸ் 19. நேற்றுக் கண்ணாடியை விலக்கிப் பார்த்தேன். ஐந்து கள்ளியும் அப்பளம் மாதிரி சுருங்கிப் படுத்திருக்கின்றன. அடியில் அமுக்கினால் கெட்டியாக இருக்கிறது. குஞ்சுகள் பதினொன்று எண்ணினேன்.

இன்னொரு விஷயம். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் இந்தச் செம்பர்வைவத்தைக் கூரைமேல் வளர்த்தால் இடி விழாது என்று நம்பினார்களாம். சார்லமேன் என்ற ராஜா, 800-ஆம் ஆண்டு வாக்கில், தோட்டக்காரன் ஒவ்வொருவனும் தன் வீட்டுக் கூரையில் இதை வைக்க வேண்டும் என்றே எழுதி வைத்திருக்கிறார். புதிதாக வாங்கின கற்றாழை இப்போது சமையலறை ஜன்னலில் தொட்டியில் இருக்கிறது, வெளியே விடுவதில்லை. வாசலில் எதுவும் தொங்கவில்லை. படியின் இரண்டு பக்கமும் இந்தச் சிவப்புக் குஞ்சுகளைக் கல் இடுக்கில் நட்டிருக்கிறேன். திருஷ்டிக்கு இது செல்லுமா, இல்லை வேறு ஏதாவது கட்ட வேண்டுமா என்று தங்கச்சியை எழுதச் சொல். உறைக்குள் இலை கிலை வைத்து அனுப்பிவிடாதே, இங்கே பிடித்துவைத்துக்கொள்வார்கள். உடன்குடிக் கருப்பட்டி இரண்டு வட்டு போதும்.

உன் பேரன்