ஒட்டிய விமானத்தை உடனே பறக்கவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரிமோட் விமானம் செய்வது எப்படி என்று மாணவர்களுக்காக நிறையப் பேர் எழுதுகிறார்கள். விழுந்து உடைந்தபின் அதை எப்படித் தேற்றுவது என்று எழுதுபவர்கள் குறைவு. ஓட்டப் பழகும் எவரும் ஒரு தடவையாவது விமானத்தைத் தரையில் குத்தத்தான் செய்வார்கள். ஒட்டிய கையோடு மறுபடி பறக்கவிட்டு, இரண்டாம் முறையும் உடைத்துக்கொண்டு, கடைசியில் ஆசையையே விட்டுவிடும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். என் அக்கா மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அவனுடையது ஃபோம் விமானம், இறக்கை உடம்புக்கு மேலே அமைந்த ரகம், பேட்டரியோடு சேர்த்து 900 கிராம். முதல் தடவை விழுந்தபோது மூக்கு பிளந்தது, வால் பாதியில் முறிந்தது. இருவரும் உட்கார்ந்து ஒட்டினோம். மறுநாள் கையிலிருந்து விட்டதுமே மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது, இடப்பக்கம் இழுத்தது, வேகம் செத்து அப்படியே சுழன்று விழுந்தது. "மாமா, சிக்னல் கட் ஆயிடுச்சு" என்றான். பக்கத்தில் நின்றவர்களும் அதையே சொல்லி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரை மாற்றச் சொன்னார்கள்.

நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: தரையில் மோதும் வரை மோட்டார் சத்தம் கேட்டதா? கேட்டது என்றான். சிக்னல் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும்படி ஃபெயில்சேஃப் வைத்திருந்தோம், புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அணைத்துச் சோதித்தும் இருந்தோம். ஆகவே சிக்னல் போகவில்லை. கோளாறு நாங்கள் ஒட்டியதில்தான் இருக்க வேண்டும்.

முதலில் எடை. இறக்கையின் அகலம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 20 சென்டிமீட்டர். இந்த ரக விமானங்கள் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் சமநிலையில் நிற்க வேண்டும். எங்களுடையதற்கு 5.5 சென்டிமீட்டர். அந்த இடத்தில் இறக்கைக்கு அடியில் இரண்டு ஆள்காட்டி விரலையும் கொடுத்துத் தூக்கினால், மூக்கு லேசாகத் தாழ்ந்தபடியோ மட்டமாகவோ நிற்க வேண்டும். எங்களுடையதில் வால் பொத்தென்று சாய்ந்தது. முறிந்த இடத்தில் நாங்கள் வைத்த அளவுக்கே கார்பன் குச்சி, டேப், காய்ந்த எபாக்ஸி பசை எல்லாவற்றையும் தராசில் போட்டுப் பார்த்தோம். 25 கிராம். 900 கிராமில் 25 கிராம் என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் அது சமநிலைப் புள்ளிக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. 25-ஐ 60-ஆல் பெருக்கினால் 1500. மூக்கின் நுனி அதே புள்ளிக்கு 25 சென்டிமீட்டர் முன்னால்தான் இருக்கிறது. அதனால் வாலில் ஏறிய 25 கிராமை ஈடுகட்ட மூக்கில் 60 கிராம் தேவை! 150 கிராம் பேட்டரியை 4 சென்டிமீட்டர் முன்னே தள்ள முடிந்தது, அதில் 600 கழிந்தது. மீதி 900-க்கு மூக்கு நுனியில் 36 கிராம் ஈயம். பையன் நோட்டில் கணக்குப் போட்டான். பள்ளியில் படித்த நெம்புகோல் பாடம் கண்ணுக்கு எதிரே வேலை செய்ததைப் பார்த்தபோது அவன் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன்.

பின்னால் கனத்த விமானம் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) தொட்டாலே துள்ளும், மூக்கைத் தூக்கும், வேகம் இழக்கும். ஏறியதற்கு இதுவே காரணம். இடப்பக்கம் ஏன் இழுத்தது?

அது முழுக்க என் தவறு. பிளந்த மூக்கைச் சேர்க்கும்போது, மோட்டார் பிடித்திருந்த பலகை கோணலாக இருப்பதுபோல் தெரிந்தது. விழுந்ததில் வளைந்துவிட்டது என்று நினைத்து நேராக நிமிர்த்தி ஒட்டினேன். அது வளைந்ததே அல்ல. மோட்டாரை வலப்பக்கம் இரண்டு மூன்று டிகிரியும், கொஞ்சம் கீழ்நோக்கியும் சாய்த்தே வைப்பார்கள். பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பல்லர் விமானத்தை இடப்பக்கம் இழுக்கும், மோட்டாரின் வேகம் ஏற ஏற மூக்கும் மேலே போகும். இரண்டுக்கும் மாற்றாகத்தான் அந்தச் சாய்வு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பறக்கும்போது, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுக்க இறக்கிப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது மட்டும் இழுத்தால் மோட்டாரின் கோணம். ஓடாதபோதும் இழுத்தால் இறக்கை முறுக்கியிருக்கிறது, அல்லது ரட்டர் (வாலில் நிமிர்ந்து நிற்கும் திசை மடல்) நேராக இல்லை. நாங்கள் பலகைக்கு அடியில் சின்ன வாஷர்கள் வைத்துப் பழைய சாய்வைத் திரும்பக் கொண்டுவந்தோம்.

அப்புறம் சர்வோ, அதாவது மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார். எலிவேட்டரைக் கையால் மெல்ல அசைத்தபோது ஓரிடத்தில் மட்டும் பிடிப்பில்லாமல் நழுவியது. நான்கு குட்டி ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுத்தால், நகக்கண் அளவு வெள்ளை நைலான் பல்சக்கரத்தில் ஒரே ஒரு பல் இல்லை. தூசி போல அது கிரீஸில் ஒட்டிக் கிடந்தது. மேஜையில் வைத்து ரிமோட்டை அசைத்தபோது சரியாகத்தான் வேலை செய்தது; காற்றின் அழுத்தம் ஏறும்போது அந்த இடத்தில் நழுவியிருக்கும்.

மற்றவை சீக்கிரம் முடியும். ரிசீவர் ஆன்டெனாவின் நுனியில் உறை இல்லாத 3 சென்டிமீட்டர்தான் சிக்னலை வாங்குவது, அது அறுந்திருந்தால் தூரம் குறையும். ரிமோட்டை, சிக்னல் பலத்தைக் குறைக்கும் ரேஞ்ச் சோதனை நிலையில் வைத்து, 30 எட்டு நடந்து, மடல்கள் அசைகின்றனவா என்று பாருங்கள். எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் உள்ள மடல்) ஒயர்களைக் கழற்றி மாட்டியிருந்தால், ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளும்போது வல எய்லரான் மேலே ஏறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதேனும் இரண்டை மாற்றிப் போட்டால் சரி, நான் தினமும் த்ரீ ஃபேஸ் மோட்டாரில் செய்வதுதான். புரொப்பல்லரில் எழுத்துள்ள பக்கம் முன்னால் இருக்க வேண்டும்.

பேட்டரியில் மட்டும் அவசரம் கூடாது. விழுந்த லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கலாம், கொஞ்ச நேரம் கழித்தும் தீப்பிடிக்கும். வீட்டுக்குள் கொண்டுவராமல் வெட்டவெளியில், மண்ணிலோ சிமெண்ட் தரையிலோ அரை மணி நேரமாவது வைத்துக் கவனியுங்கள். உப்பியிருந்தாலோ ஓரம் நசுங்கியிருந்தாலோ சார்ஜரில் மாட்டவே மாட்டாதீர்கள். பிள்ளைகள் இதைக் கேட்க மாட்டார்கள், பெரியவர்கள்தான் பிடிவாதமாக இருக்க வேண்டும்.

எல்லாம் சரிசெய்தபின், புல் உயரமாக வளர்ந்த வெளியில் மோட்டாரை ஓட்டாமல் இரண்டு முறை மெல்ல வீசிப் பார்த்தோம். நேராகச் சறுக்கி இறங்கியது. அதன்பின்தான் பாதி த்ராட்டில். எலிவேட்டரின் நடுநிலையைச் சரிசெய்யும் ட்ரிம்மை இரண்டு க்ளிக் கீழே தள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். பையன் ஐந்து நிமிடம் ஓட்டி, அவனே இறக்கினான். ரிசீவர் பழையதுதான்.

உங்கள் இதழில் விமானம் செய்வதற்கு இடம் ஒதுக்கும்போது, விழுந்த விமானத்தைச் சோதிப்பதற்கும் ஒரு வாரம் ஒதுக்கித் தாருங்கள். படம் போட்டு விளக்கினால் பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியும். பையன் எழுதிய கணக்கு நோட்டின் பக்கங்களை அனுப்பிவைக்க நாங்கள் தயார்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் ஒரு வாசகர்