1943 என்று விற்ற கத்தி நகல்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், கும்பகோணம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர், பழம்பொருள் இணைய விற்பனைப் பிரிவு.

ஐயா / அம்மா,

"1943, அமெரிக்க மரைன் படைக் கத்தி, அசல்" என்று விளம்பரம் செய்து ரூ. 18,500-க்கு நீங்கள் அனுப்பியது அண்மையில் செய்த நகல். தொலைபேசியில் கேட்டதற்கு, "காந்தம் ஒட்டுகிறதே, பழைய கார்பன் எஃகுதான்" என்றார்கள். அந்தச் சோதனையே தவறு. கத்திக்கென்று கடினப்படுத்திய 420 வகைத் துருவேறா எஃகிலும் காந்தம் ஒட்டும். அலகின் ஒரு பக்கம் அரம் போட்டு ராவிய இடத்தில் "420" என்பதன் மிச்சமாக "42" என்ற தடம் இன்னும் தெரிகிறது. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் வைத்தோம், கறை விழவில்லை. கார்பன் எஃகாக இருந்தால் வாழைக்காய் நறுக்கிய அரிவாள்மனை மாதிரி கறுத்திருக்கும்.

அடுத்தது, அலகில் குத்தியிருக்கும் "1943" முத்திரை. மரைன் படைக்குக் கொடுத்த போர்க்கால மார்க் 2 வகைக் கத்தியில் கமிலஸ், ராப்சன், கா-பார் போன்ற தயாரிப்பாளர் பெயரும், யுஎஸ்எம்சி (அமெரிக்க மரைன் படை) அல்லது யுஎஸ்என் (அமெரிக்கக் கடற்படை) மார்க் 2 என்ற எழுத்தும்தான் இருக்கும், ஆண்டு இருக்காது. ஆண்டு குத்தியது அமெரிக்கத் தரைப்படையின் எம்3 கத்தியின் ஆரம்பகால அலகுகளில். நகல் செய்தவர் இரண்டையும் கலந்துவிட்டார். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: அலகின் மேல் பூசிவிட்ட செம்பழுப்புக் கறை எழுத்தின் ஓரம்வரை வந்து நிற்கிறது, குழிக்குள் உலோகம் பளிச்சென்று இருக்கிறது. கறை ஏற்றிய பிறகு குத்திய முத்திரை அது.

கைப்பிடித் தோல் வளையங்களில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சைத் தேய்த்ததும் பழுப்புச் சாயம் இறங்கியது. வளையங்கள் சுருங்கவும் இல்லை, இடைவெளி விடவும் இல்லை. உறையின் பித்தளை ரிவெட்டுகள் புதுக் குத்துவிளக்காக மின்னுகின்றன. எண்பது வருடம் தோலோடு ஒட்டிக் கிடந்த பித்தளையில் பச்சைக் களிம்பு கட்டாமல் இருக்குமா? இதை எங்கள் ஊர்ப் பாத்திரக் கடைகளில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

கூடவே வந்த அட்டையில், தேங்காய் எண்ணெய் தடவி உறைக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அசல் கத்தி வாங்குகிறவருக்கு இது பெரிய கேடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் ஈரத்தை உறிஞ்சும், பதனிட்ட உப்பும் சேர்ந்து அலகை அரிக்கும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லத் தடவி, கத்தியை வெளியேயும் உறையைத் தனியாகவும் வைக்க வேண்டும். அட்டையை உடனே மாற்றுங்கள்.

முழுத் தொகையையும் திருப்பித் தந்து, உங்கள் செலவில் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் "நகல்" என்று திருத்துங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வோம். முத்திரை, "42" தடம், ரிவெட் ஆகியவற்றின் நெருக்கப் படங்களும் ரசீது நகலும் இணைப்பில் உள்ளன.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்