ஒன்றரை வரியில் அப்பா

கர்த்தருக்குள் பிரியமான பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முரண்டு பிடிக்கிறது.

தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்ப, வீட்டில் இந்த வருஷம் நடந்ததையெல்லாம் எழுதி நீ வாட்ஸாப்பில் அனுப்பிய கிறிஸ்மஸ் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ‘சும்மா பார்த்துச் சொல்லும்மா, அடுத்த வாரம் பிரிண்ட் எடுக்கணும்’ என்றாய். முப்பது வருஷம் இங்கிலீஷ் பேப்பர் திருத்தியவளிடம் அதைக் கொடுத்தது உன் தப்பு. சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன்.

முதலில் சில்லறைத் திருத்தங்கள். ‘அம்மா மதுரையில் தன் தோட்டத்தோடு நிம்மதியாக இருக்கிறார்’ என்று எழுதியிருக்கிறாய். எந்தத் தோட்டம்? பால்கனியில் இருப்பது ஒரு கற்பூரவல்லி, ஒரு கறிவேப்பிலை, போன மாதம் பட்டுப்போன ஒரு ரோஜா. படிக்கிறவர்கள் எனக்கு ஏதோ எஸ்டேட் இருப்பதாக நினைத்துவிடப் போகிறார்கள். பேரனின் ஸ்பெல்லிங் போட்டிக்கு ஐந்து வரி அதிகம். மாப்பிள்ளையின் பதவி உயர்வுக்கு ஒரு வரி போதும், அவரே கூச்சப்படுவார். உனக்கு வேலை இல்லாமல் இருந்த நாலு மாதம் கடிதத்தில் இல்லவே இல்லை. அது சரிதான், ஊருக்கெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிது என்று நினைத்தாயா? லேடி டோக் காலேஜில் படித்தபோது எங்களுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மிஸ் பாடம் எடுத்தார். 1978-இல் ஊருக்குத் திரும்பினார், அங்கேயே கல்யாணம் ஆனது. அந்த வருஷத்திலிருந்து ஐயோவாவிலிருந்து கிறிஸ்மஸ் கடிதம் தவறாமல் வரும். ஓரத்தில் பச்சை இலையும் சிவப்புப் பழமும் அச்சடித்த தாள். அதில் ஜெராக்ஸ். அறுபது எழுபது பேருக்கும் ஒரே கடிதம், ‘அன்பு நண்பர்களே’ என்று தொடங்கும். ஹாஸ்டல் தோழிகள் நாலு பேரும் ஒப்பிட்டுப் பார்ப்போம், ஒரு எழுத்து மாறாது. அடியில் பேனாவால் எழுதியது மட்டும் ஆளுக்கொன்றாக இருக்கும். எனக்கு ஒரு தடவை, ‘உன் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் இன்னும் ஞாபகம் இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். உன் ஆயாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். ஒரு வாரம் தெருவெல்லாம் அதே பேச்சு.

அந்த ஊர்க்காரர்களே இதைக் கேலி செய்வதும் உண்டு. இங்கிலாந்தில் இதற்கு ரவுண்ட் ராபின் என்று பெயர். கார்டியன் பத்திரிகையில் எழுதிவந்த சைமன் ஹாகர்ட், வாசகர்கள் அனுப்பிய பெருமைக் கடிதங்களையெல்லாம் சேர்த்து 2004-இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். நான் அந்தக் கட்சி இல்லை. நேரம் இல்லாதவர்கள் என்னதான் செய்வார்கள்? கிறிஸ்மஸ் அட்டையே அப்படிப் பிறந்ததுதான். பிரிட்டன் முழுவதும் ஒரு பென்னிக்குத் தபால் வருவதற்குப் பாடுபட்டவர்களில் ஹென்றி கோல் ஒருவர். 1840-இல் அது வந்தது. எல்லோரும் எழுதித் தள்ள ஆரம்பித்தார்கள். பதில் எழுதி மாளாமல், 1843-இல் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் படம் வரைந்து வாங்கி, ஆயிரம் அட்டை அச்சடித்தார் கோல். தான் வெட்டிய வாய்க்காலில் தானே வழுக்கி விழுந்த கதை. ஆனாலும் பெறுபவர் பெயரை எழுத மேலே ஓர் இடம் விட்டிருந்தார், பார்.

நாம் பலகாரத் தட்டு கொடுப்பதும் இதேதான். பதினாறு வீட்டுக்கும் ஒரே அச்சுமுறுக்கு, ஒரே முந்திரிக்கொத்து. ஆனால் சர்க்கரை வியாதி உள்ள எதிர்வீட்டுத் தாத்தா தட்டில் அதிரசம் வைக்க மாட்டோம். பல் விழுந்த பாட்டிக்கு முறுக்கைக் குறைத்துக் கேக்கைக் கூட்டி வைப்போம். அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான் இல்லை, அப்பா. அவரிடம் ஒரு நோட்டு இருந்ததே, கிறிஸ்மஸ் கார்டு நோட்டு. யாருக்கு அனுப்பினோம், யாரிடமிருந்து வந்தது என்று டிக் போட்டு வைப்பார். உறையை ஒட்டாமல் புக் போஸ்டில் போட்டால் தபால் செலவு குறையும் என்று கட்டுக் கட்டாக எடுத்துக்கொண்டு போவார். மூன்று வருஷம் பதில் வராதவர்களின் பெயரையும் அடிக்க மாட்டார். ‘வீடு மாறியிருப்பாங்க’ என்பார்.

இப்போது நான் சொல்ல வந்தது. உன் கடிதத்தில் ஒரு வரி: ‘மார்ச் மாதம் அப்பாவை இழந்தோம், அது கடினமான நேரம்.’ அடுத்த வரியிலேயே, ஜூலையில் யெல்லோஸ்டோனில் காட்டெருமை பார்த்தது. எனக்குக் கோபம் இல்லை, பாப்பா. உன்னால் அதற்குமேல் எழுத முடியவில்லை என்று தெரிகிறது. ஆனால் அந்த இரண்டு வரிக்கும் நடுவே ஒரு பத்தி இடம் விடு. திருத்தம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. கடிதம் முழுக்க உன்னையே பெயர் சொல்லி, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல எழுதியிருக்கிறாய். அந்த ஊர் வழக்கம் அது. மிஸ்ஸும் அப்படித்தான் எழுதுவார். 1996-இல் மட்டும் டிசம்பரில் கடிதம் வரவில்லை. பிப்ரவரியில் வந்தது, ஓர அலங்காரம் இல்லாத வெறும் தாளில். கணவர் போய்விட்டார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ‘நான்’ என்று எழுதியிருந்தார். அப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு, மடித்து, என்னிடம் எதுவும் பேசாமல் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

அப்பாவைப் பற்றிய வரியை மட்டும் நீ ‘நான்’ என்று எழுதிப் பார். முடியாவிட்டால் விட்டுவிடு, இந்த வருஷம் அப்படியே போகட்டும். எனக்கு ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பு. அடியில் பேனாவால் ஏதாவது எழுது, ஊறுகாயைப் பற்றியாவது.

இந்த வருஷம் நம் வீட்டில் ஸ்டார் கட்டவில்லை, பலகாரமும் கிடையாது. கேரல் ரவுண்ட்ஸ் பிள்ளைகளிடம் மட்டும், வந்து ஒரு பாட்டு மெதுவாகப் பாடிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். அக்கம்பக்கத்திலிருந்து தட்டு வரும். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று இரண்டு கிலோ சர்க்கரை வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா